கெட்ட ஆண்டின் சுவை

2021 மே 6ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, இரசாயன உரம் இலங்கைக்குள் வருவதை நிறுத்தியது. நெல் வயலில் அதன் விளைவு ஒரே போகத்தில் தெரிந்தது. தேயிலைச் செடி அப்படியல்ல. வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழித்துக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் துளிர்க்கும். அந்த ஆண்டு நாட்டின் மொத்தத் தேயிலை உற்பத்தி சுமார் 299 மில்லியன் கிலோ. 2020ஐ விடக் கூடுதல். 2022இல் அது ஏறக்குறைய 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக நாடு காணாத வீழ்ச்சி.

எடை குறைந்த கதை எல்லோருக்கும் தெரியும். தராசில் நிறுத்து, கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம். கோப்பைக்குள் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. எல்கடுவ, இரத்தோட்டை, கம்மடுவ என்று நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவுகளில் தொங்கும் மாத்தளைத் தோட்டங்களின் தேயிலை அந்தக் காலத்தில் தரம் கெட்டதா, இல்லையா? யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் வரும். சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரே தேயிலையைக் குடித்துவிட்டு ஒன்றுக்கொன்று எதிரான தீர்ப்புச் சொல்வது ஏன் என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. நல்ல ஆண்டில் அந்த வேறுபாடு மூடிக் கிடக்கும். கெட்ட ஆண்டில் வெளியே வந்துவிடும்.

உலகத்தில் இந்தச் சண்டை மிகவும் பகிரங்கமாக நடந்தது தேயிலையை வைத்து அல்ல, பிரான்சின் சிவப்பு வைன் ஒன்றை வைத்து.

2003 ஆகஸ்டில் ஐரோப்பா வெந்தது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் வெக்கையால் இறந்தார்கள். போர்தோ வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்களில் பழம் வழக்கத்துக்கு மிக முன்பே பழுத்தது. சர்க்கரை ஏறியது, புளிப்பு இறங்கியது. இளம் கொடிகள் நீரின்றித் திணறின. சாந்த் எமிலியோனில் உள்ள பவீ தோட்டம் சுண்ணாம்புக் கல் மேட்டில் இருப்பது. அந்தக் கல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பல்பொருள் அங்காடிகளில் பணம் சேர்த்த ஜெரார் பெர்ஸ் 1998இல் அந்தத் தோட்டத்தை வாங்கி, விளைச்சலைக் குறைத்து, பழத்தை நன்றாகப் பழுக்கவிட்டு, அடர்த்தியான வைன் செய்யத் தொடங்கியிருந்தார். 2003 அவருடைய அந்தப் பாணியைக் கடைசி எல்லைக்குத் தள்ளிய ஆண்டு.

2004 வசந்தத்தில், வைன் இன்னும் பீப்பாய்க்குள் இருக்கும்போதே, விமர்சகர்கள் அதைச் சுவைத்தார்கள். அமெரிக்கரான ராபர்ட் பார்க்கர் 100க்கு 96 முதல் 100 வரை கொடுத்தார். ஆங்கிலேயரான ஜான்சிஸ் ராபின்சன் 20க்கு 12 கொடுத்தார். அவருடைய அளவுகோலில் அது பரீட்சையில் தவறியதற்குச் சமம். பார்க்கருக்கு அது சுண்ணாம்பு மண் தன் வலிமையைக் காட்டிய அபூர்வமான வைன். ராபின்சனுக்கு அது அளவுக்கு மிஞ்சிப் பழுத்து, போர்ட் வைன் பக்கம் சாய்ந்து, போர்தோ என்று சொல்லவே முடியாதபடி ஆன ஒன்று. மூத்த ஆங்கில விமர்சகர்களான மைக்கேல் பிராட்பென்டும் கிளைவ் கோட்ஸும் ராபின்சன் பக்கம் நின்றார்கள். பெர்ஸின் வைன்கள் மீது ராபின்சனுக்குப் பழைய வெறுப்பு என்று பார்க்கர் சந்தேகத்தைக் கிளப்பினார். பெயர் மறைத்த நிலையில்தான் சுவைத்தேன் என்பது ராபின்சனின் பதில். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் மாதக்கணக்கில் இதே பேச்சு.

இந்தச் சண்டையை விளக்குபவர்கள் பெரும்பாலும் ‘அமெரிக்க நாக்கு, ஆங்கில நாக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள். அது சோம்பலான விளக்கம். இரண்டு பேரின் குறிப்புகளையும் அருகருகே வைத்தால் விந்தையான ஒன்று தெரியும்: கோப்பையில் என்ன இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் பெரிய தகராறே இல்லை. மிகவும் பழுத்தது, மிகவும் அடர்ந்தது, இனிப்பின் விளிம்பில் நிற்பது. இவை இருவர் நாக்கிலும் பட்டிருக்கின்றன. ஒருவர், இந்த வைன் தரும் இன்பம் எவ்வளவு என்று அளந்தார். மற்றவர், இந்த இடத்துக் கோப்பை இப்படி இருக்கலாமா என்று கேட்டார். வெயிலின் சுவை இடத்தின் சுவையை விழுங்கிவிட்ட ஆண்டில், இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே விடை கிடைக்க வழியில்லை.

கொழும்புக்கு வருவோம்.

1883 யூலை 30இல் சோமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில் கொழும்பின் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடந்தது. கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து, மாத்தளையில் வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள் கோப்பிக்கும், பிறகு கொக்கோவுக்கும், இரப்பருக்கும், தேயிலைக்கும் மாறின. ஏலம் மட்டும் மாறாமல் நின்றது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், கூவி விற்பது நின்று கணினித் திரைக்குப் போனது. சுவை பார்ப்பதைத் திரைக்கு மாற்ற முடியவில்லை.

தரகர் நிறுவனத்தின் சுவைக்கூடத்தில் நீண்ட மேசைமேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தகரத்தில் உலர்ந்த தேயிலை. பக்கத்தில் மூடி கவிழ்த்த பாத்திரத்தின் மேல் சாயம் இறங்கிய ஈர இலை. சுவைஞர் முதலில் உலர்ந்ததைக் கையில் அள்ளிப் பார்ப்பார். அடுத்து ஈர இலையின் நிறம்: புதுச் செம்புக் காசு போல இருந்தால் நல்லது, பச்சை கலந்தால் புளிக்கவைத்தது போதவில்லை, கறுத்தால் மிஞ்சிவிட்டது. கடைசியில்தான் கரண்டி. காற்றோடு சேர்த்து ‘சர்ர்’ என்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்புவார். ஒரு கோப்பைக்குச் சில வினாடி. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகள்.

தேயிலையை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு எப்படிச் சாயம் இறக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தரமும் உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்று பெயர்: 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். இதே விடயத்தில் ஆறு பக்க ஆவணம் வெளியிட்டதற்காகப் பிரித்தானியத் தர நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. கேலி ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆறு பக்கம் ஒரு வேலையைச் செய்கிறது. தண்ணீர், நேரம், அளவு மூன்றையும் பூட்டிவிட்டால், மிச்சம் இருக்கும் வேறுபாடு தேயிலையுடையதாகவோ சுவைஞருடையதாகவோதான் இருக்க முடியும்.

மேசையில் சொல்லப்படும் சொற்கள் ஆங்கிலமாக இருந்தாலும் தோட்டத்துத் தமிழர் காதுக்குப் பழகியவை. நாவில் துள்ளினால் பிரிஸ்க். ஒளி இருந்தால் பிரைட். எடுப்பில்லாமல் இருந்தால் பிளெயின். தடித்த இலையின் முரட்டுத்தனம் தெரிந்தால் கோர்ஸ். தரகரின் சுவைஞர் ஒரு மதிப்பு விலை போடுவார். அதே தேயிலையின் மாதிரி வாங்குபவர்களின் அலுவலகங்களுக்கும் போகும். அங்கேயும் மேசை, அங்கேயும் கோப்பை, அங்கே வேறொரு விலை.

ஏன் வேறு? வாங்குபவர் தன் நாக்குக்காகச் சுவைப்பதில்லை. ஈராக்குக்கு அனுப்புபவர் கறுத்துச் சுருண்ட நீள இலையையும் கடும் சாயத்தையும் தேடுகிறார். கண்ணாடிக் குவளையில் சீனி போட்டுக் குடிப்பவர் அங்கே இருக்கிறார். ஜெர்மனிக்கும் யப்பானுக்கும் வாங்குபவருக்கு வேண்டியது நுவரெலியா, டிம்புலப் பக்கத்து இளஞ்சாயமும் மணமும். பால் ஊற்றிக் குடிக்கும் நாட்டுக்குக் கலவை செய்பவர், பாலுக்கு அடியில் அமுங்காத திடத்தைக் கேட்கிறார். ஒரே கோப்பையைப் பார்த்து ஒருவர் ‘மெல்லியது’ என்று தள்ளுவதும், மற்றவர் ‘நுண்மை’ என்று எடுப்பதும் பொய்யில்லை. இருவரும் வெவ்வேறு வீட்டுக் கேத்தலை மனதில் வைத்துச் சுவைக்கிறார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது மாத்தளை. இலங்கைத் தேயிலையை உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள்: 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலம், 1,200க்கு மேலே உயர்நிலம், இடையில் உள்ளது மத்திய நிலம். கண்டி, மாத்தளைத் தோட்டங்களில் பெரும்பகுதி அந்த இடைப்பட்டியில் வருகிறது. நாட்டின் உற்பத்தியில் மத்திய நிலத்தின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. காலி, மாத்தறை, இரத்தினபுரிச் சிறு தோட்டங்களின் தாழ்நிலத் தேயிலைக்கு அழகான இலையும் கறுப்புச் சாயமும் உண்டு; உயர்நிலத் தேயிலைக்கு மணமும் பெயரும் உண்டு. மாத்தளைக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. பல ஆண்டுகளில் கொழும்பு ஏலத்தில் மத்திய நிலத்தின் சராசரி விலையே கடைசியில் நிற்கிறது. குணம் இல்லாததால் அல்ல. அதற்கென்று ஒரு கேத்தல் நிச்சயமாகவில்லை. தனக்கென்று உறுதியான வாடிக்கையாளர் இல்லாத தேயிலைக்கு, சுவைஞரின் ஒவ்வொரு முகச்சுளிப்பும் விலையில் விழும்.

இந்தப் பின்னணியில்தான் 2021ஐப் பார்க்க வேண்டும். உரம் இல்லாவிட்டால் சுவை கெடும் என்பது பொதுவாக எல்லோரும் நம்பும் விடயம். அறிவியல் அவ்வளவு நேராகப் பேசவில்லை. கென்யாவில் பிலிப் ஓவோரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள், தேயிலைக்கு நைதரசன் உரத்தை ஏற்ற ஏற்ற விளைச்சல் கூடினாலும் கறுப்புத் தேயிலையின் தரம் குறைவதைக் காட்டின. கோப்பைக்கு ஒளியும் துள்ளலும் தரும் தியாஃபிளேவின்கள் குறைந்தன. மணத்தின் சமநிலையும் பச்சை வாடைப் பக்கம் சாய்ந்தது. செடி வேகமாக வளரும்போது இலை நீர்த்துப்போகிறது என்று தோட்டத்துக் கிழவர்கள் சொல்வதற்கு ஆய்வுக்கூடம் தந்த ஆதரவு இது. ஊவாவிலும் கதை அதுதான். யூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று துளிரின் வளர்ச்சியை ஒடுக்குகிறது, எடை விழுகிறது, ஆண்டிலேயே மிக விலை உயர்ந்த, உலர்ந்த மூலிகை மணம் வீசும் ஊவாத் தேயிலை அந்த வாரங்களில்தான் பிறக்கிறது. செடிக்குக் கெட்ட காலம் கோப்பைக்கு நல்ல காலமாகலாம். போர்தோவின் கல்மேட்டில் பார்க்கர் கண்டதாகச் சொன்னதும் இதுதான்.

அப்படியானால் உரமில்லாத ஆண்டு மாத்தளைக்கு மணத்தைக் கொடுத்திருக்க வேண்டுமே? தாவரவியல் கணக்கில் வாய்ப்பு இருந்தது. அதைக் கெடுத்தது கூலிக் கணக்கு.

2021 மார்ச்சில், நீண்ட போராட்டத்துக்குப் பின், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் ஏறியது. பல தோட்டங்கள் அதை நாளுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற நிபந்தனையோடு கட்டின. 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். உரம் இல்லாத மலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேடிப் பறித்தால் அந்த எடை எப்படி வரும்? கை கீழே போகும். மூன்றாவது இலை, நான்காவது இலை, முற்றிய காம்பு எல்லாம் கூடைக்கு வரும். அத்தோடு, உணவு குறைந்த செடி மொட்டடங்கிப் போவதும் அதிகம். அந்த இலை தடித்து, உருட்டும் இயந்திரத்தில் சரியாகச் சுருளாது. தொழிற்சாலையில் டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வந்த கொழுந்தைத்தான் வாட்டி, உருட்டி, புளிக்கவைக்க முடியும். கொழும்பு மேசையில் ‘கோர்ஸ்’ என்று விழும் சொல்லுக்குப் பின்னால் மண்ணை விடத் தராசுக்குப் பங்கு அதிகம். சுவைஞரின் நாக்கு முரட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கும். அது பசித்த செடியால் வந்ததா, பசித்த வீட்டால் வந்ததா என்று சொல்லாது.

நிபுணர்களின் கருத்து வேறுபாடு அப்போது கோப்பையைத் தாண்டியும் போனது. அகங்கமவில் ஹந்துனுகொட தோட்டத்தை நடத்தி, உலகின் விலை உயர்ந்த வெள்ளைத் தேயிலைகளில் ஒன்றைச் செய்தவர் ஹெர்மன் குணரத்ன. உரத்தடையோடு நாடு மாற வேண்டியிருந்த இயற்கை விவசாயத்துக்கு வழிகாட்ட ஜனாதிபதி நியமித்த 46 நிபுணர்களில் அவரும் ஒருவர். விளைச்சலில் பாதி போகும், ஆனால் அதற்கு ஈடாக விலை பாதி கூடப் போவதில்லை என்று 2021இலேயே பகிரங்கமாக எச்சரித்தார். மறுபக்கத்தில், உரமும் நாசினியும் படாத ‘சுத்தமான’ இலங்கைத் தேயிலைக்கு உலகம் கூடுதல் விலை தரும் என்ற கனவு அரசாங்க மேடைகளில் பேசப்பட்டது. சான்றிதழ் பெற்ற இயற்கைத் தேயிலைக்கு அப்படி ஒரு சந்தை இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தோட்டங்கள் பல ஆண்டு எடுத்து, கூட்டுரமும் நிழல் மரமும் தயார் செய்து மாறியவை. ஒரே வர்த்தமானியில் மாறிய தேயிலைக்கு அந்தச் சான்றிதழும் கிடையாது, அந்த மண்ணும் கிடையாது.

சரி, நாக்குகள் முரண்பட்டாலும் ஏலத்தில் விழும் விலை ஒரு நடுவர் அல்லவா என்று கேட்கலாம். சாதாரண ஆண்டில் ஓரளவுக்கு ஆம். வைனில் ஒரு விமர்சகரின் புள்ளி விலையை ஆண்டுக்கணக்கில் பிடித்து இழுக்கும். தேயிலையில் ஒவ்வொரு வாரமும் புதிய சரக்கு, புதிய சுவைப்பு, புதிய விலை. சுவைஞர் பிழை விட்டால் அடுத்த வாரமே அவருடைய நிறுவனத்தின் பணத்தில் தெரியும். கலிபோர்னியாவில் வைன் செய்பவரும் புள்ளியியல் தெரிந்தவருமான ராபர்ட் ஹொட்ஜ்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்கலாம். மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு, அவர்கள் அறியாமல், ஒரே போத்தலிலிருந்து ஒரே வைனை மூன்று முறை ஊற்றிக் கொடுத்தார். தம் தீர்ப்பை ஒரே பதக்க வரம்புக்குள் நிறுத்தியவர்கள் பத்தில் ஒருவர் அளவே. அவர்களும் அடுத்த ஆண்டு அதே உறுதியைக் காட்டவில்லை. பதக்கம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் நடுவருக்குத் தன் பிழை திரும்பி வருவதில்லை. தேயிலை வாங்குபவருக்கு அது பற்றுச்சீட்டாக வரும்.

ஆனால் விலை எப்போதும் சுவையைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்பினால் ஏமாறுவோம். 1891இல் இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் மஸ்கெலியாவின் கார்ட்மோர் தோட்டத்துத் தேயிலை இறாத்தல் ஒன்று 25 பவுனுக்கு மேல் போனது. அந்தப் பைத்தியக்கார விலை விளம்பரத்துக்காகக் கொடுக்கப்பட்டது. நாக்குக்கு அதில் சொற்பப் பங்குதான். 2022இல் நடந்தது அதன் மறுபக்கம். டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது, சரக்கும் குறைந்தது, கொழும்பு ஏலத்தின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ இரட்டிப்பானது. ‘பிளெயின்’ என்று குறிக்கப்பட்ட தேயிலையும் நல்ல விலைக்குப் போன காலம். தரம் பற்றிய தகராறைத் தீர்த்துவைக்க வேண்டிய நடுவரே அந்த ஆண்டு வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார். ஆகவே அந்த ஆண்டு விலையைக் காட்டி மாத்தளைத் தேயிலை நன்றாகத்தான் இருந்தது என்று யாராவது சொன்னால், அதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

சுவைஞரின் அறிக்கை தோட்டத்துக்குத் திரும்பி வரும். கொழுந்தைக் கவனியுங்கள், பறிப்புச் சுற்றைக் குறுக்குங்கள் என்று சொல்லும். சுற்றைக் குறுக்க ஆள் வேண்டும். கவ்வாத்து வெட்ட, செத்த செடிக்குப் பதில் புதிது நட, பணம் வேண்டும். மாத்தளையில் கணிசமான தோட்டங்கள் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேசன் ஆகிய அரச நிறுவனங்களின் கீழ் இருப்பவை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியையே காலத்துக்குக் கட்ட முடியாமல் நிலுவை சேர்த்தவை. 2021 நவம்பரில் உரத்தடை முற்றாக நீக்கப்பட்டபோது உரம் வந்தது, கூடவே பல மடங்கு விலையும் வந்தது. நல்ல அறிவுரை கிடைத்தாலும் அதைச் செய்ய முடியாத இடம் இது. பவீயின் உரிமையாளர் 2003க்குப் பிறகு தன் பாணியை மாற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வசதி படைத்தவர். 2012இல் அவருடைய தோட்டம் சாந்த் எமிலியோனின் மிக உயர்ந்த வகுப்புக்கும் ஏற்றப்பட்டது.

மாத்தளையில் கைவிடப்பட்ட தேயிலை மலைகளில் மிளகு ஏறுவது புதிதல்ல. மிளகுக்குச் சுவைஞர் மேசை கிடையாது. லீட்டர் எடை போதும். ஒரு லீட்டர் பாத்திரத்தில் 500 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல மணி, அதற்கு மேல் ஏற ஏற நல்ல விலை. இங்கேயாவது தகராறு இருக்காது என்று தோன்றும். ஆனால் முற்றாத, உள்ளீடு நிரம்பாத, அந்தப் பாத்திரத்தில் தோற்றுப்போகும் இலேசான மிளகில்தான் எண்ணெயும் காரம் தரும் பிப்பரினும் விகிதத்தில் அதிகம். சாறு பிரித்தெடுக்கும் இந்திய ஆலைகள் இலங்கையிலிருந்து அதையே தேடி வாங்குகின்றன.